பூக்காலத்தில் சொல்லாத சொல்

முதலமடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். சாலையின் இருபுறமும் மாமரங்கள் பூத்திருக்க, வெயிலே மணக்கிறது. பக்கத்தில் ஒரு தாயும் மகளும். மகள் நர்ஸ். நார்வேக்கு வேலைக்குப் போக, கைப்பேசியைப் பார்த்து அந்த நாட்டுச் சொற்களை முணுமுணுக்கிறாள். பாலுக்கு ‘மெல்க்’, சூரியனுக்கு ‘சூல்’, வீட்டுக்கு ‘ஹூஸ்’. தேனீக்களின் இரைச்சலில் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல நானும் கூடவே சொல்லிப் பார்க்கிறேன்.

மலைமேல் ஒரு மேகம் நிற்கிறது. மகளிடம் கேட்கிறேன்.

“மழைக்கு என்னம்மா சொல்லணும்?”

அவள் வாய் திறக்குமுன் தாய் அவள் கையை அழுத்துகிறாள்.

“பூ நிக்கற நேரத்துல அந்தப் பேச்சு வேண்டாமுங்க. அது வந்துச்சுன்னா அத்தனையும் கொட்டிப் போயிருமுங்க. தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கறோம். இது காச்சாத்தானுங்க இவ ஏரோப்ளேன் ஏறுவா.”

“நார்வே பாஷையிலதானே கேட்டேன்?”

“எந்தப் பாஷையில சொன்னாலும் மேகத்துக்குக் கேக்குமுங்க.”

மகள் சிரித்தபடி உதட்டை மூடிக்கொள்கிறாள்.

பஸ் வருகிறது, ஏறுகிறேன். அந்தச் சொல்லைக் கைப்பேசியில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். ஜன்னலுக்கு வெளியே மாம்பூ ஓடிக்கொண்டே இருக்கிறது. தோப்புகள் முடியட்டும் என்று கைப்பேசியைப் பைக்குள் போடுகிறேன்.