ஆடிக்கு ஒரு தூண்

ஆஸ்லின் புள்ளியியல் படித்தவள். அந்தக் கரையில் அப்படிப் படித்தவர் வேறு யாரும் கிடையாது என்பதை அவளுடைய அண்ணன் சகாயவினோத் வலை இழுக்கும்போதுகூடச் சொல்லுவான். அவன் எட்டாவதோடு கடலுக்குப் போனவன். தங்கச்சி கேட்டாள் என்பதற்காக, பல வருடங்களாக மாதாமாதம் ஊரின் இரு பக்கத்துக் கரையிலும் முதல் வரிசை வீடுகளிலிருந்து தண்ணீர் விளிம்புவரை நாடா பிடித்து அளந்து போனில் அனுப்பிவந்தான். நாடா தொய்ந்தால் மறுபடி அளப்பான். தெற்குக் கரை வரிசையில் முதல் வீடு அவனுடையது.

ஆனி ஆடியில் வீசும் கச்சான் காற்று தொடங்குவதற்குள் அந்தக் குடும்பங்களை உள்ளே மேட்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஆஸ்லின் சொல்லிப் பார்த்தாள். ஊர் மசியவில்லை. மாதா கோயில் மண்டபத்தில் படம் போட்டே காட்டுகிறேன் என்றாள்.

கூட்டத்தன்று மதியம் லேப்டாப்பை அண்ணன் பக்கம் திருப்பினாள். மேலே எண்கள் நிறைந்த அட்டவணை. கீழே ஒரே ஒரு கோடு, மட்டமாகப் போனது.

"நல்லாயிருக்கும்மா. அழகா, நேரா இருக்கு."

அவள் முகம் மாறியது. "நேரா இருக்கக் கூடாதுண்ணே."

ஊருக்கு வடக்கே இருக்கும் கடலைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே இருப்பதை ஆண்கடல். வாடைக் காலத்தில் பெண்கடல் அரிக்கும், ஆண்கடல் மணல் போடும். கச்சானில் எல்லாம் தலைகீழ். காலத்துக்கு ஒரு கரையில் படகு கட்டியே பழகிய வீட்டுப் பிள்ளை அவள். இரண்டையும் ஒரே கரையாக நினைத்துச் சராசரி எடுத்துவிட்டாள். ஒன்று தின்றதை மற்றது மூடியிருந்தது.

ஆண்கடலைத் தனியே பிரித்தாள். கோடு ஏறி ஏறி இறங்கியது. "இதக் காட்டுனா, போகும் வரும்னுதான் சூசைமுத்து மாமா சொல்லுவாரு." அழித்தாள். வட்டப் படம் பங்கு பிரிக்கத்தான் ஆகும். அட்டவணையை மண்டபத்தில் யார் படிப்பார்கள்? கடைசியில் ஒவ்வொரு வருடத்து ஆடியையும் மட்டும் எடுத்து, வருடத்துக்கு ஒரு தூணாக நிறுத்தினாள். தூண்கள் குட்டையாகிக்கொண்டே போயின. அத்தனையும் வினோத் தன் கையால் அளந்தவை. இப்படி வரிசையாக அவன் பார்த்ததில்லை.

மண்டபத்தில் ஊர்ப் பெரியவர் சூசைமுத்து மாமா முன்னால் உட்கார்ந்திருந்தார். "ஏலே வினோத்து, ஒந் தங்கச்சி என்ன, செவுத்துல வேலிக்கம்பு நட்டுருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரு கம்பு ஒரு ஆடி மாமா," என்றாள் ஆஸ்லின். "வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல எம்புட்டு மணல் மிஞ்சுச்சோ, அம்புட்டு உயரம்."

"அட, கடலு வரும், போகும்."

"போகுது மாமா. பழைய எடத்துக்குப் போகல."

சிரிப்பு நின்றது. பின்வரிசையில் யாகப்பம்மாள் எழுந்து, கடைசித் தூணுக்கு அப்பால் விரல் நீட்டினாள். "ஏத்தா, அங்கன இந்த வருசம்னு எழுதிருக்க. கம்பக் காணோம்? போட மறந்துட்டியா?"

"வரப்போற ஆடிக்குக் கணக்குப் போட்டுப் பாத்தேன் அத்த. உயரம் வரல."

வெளியே காற்று கச்சானுக்குத் திரும்பியிருந்தது. மண்டபக் கதவு ஒருமுறை அடித்துக்கொண்டது. மாமா தரையைப் பார்த்தபடி கேட்டார்: "மேட்டுல எடம் பத்துமாலே?"

வினோத் வீட்டுக்குப் போய், முதல் வேலையாகக் கதவைக் கழற்றத் தொடங்கினான்.