ஒன்றாம் வகுப்பு, ஆங்கில வழி

திருவொற்றியூரில் ஒரு நூலகத்தின் மாடியில், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கென்று ஒதுக்கிய அறையில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தேன். அங்கே நான் பேசியதை எல்லாம் எழுதிப் பார்த்தால் ஒரு பக்கம் தேறாது. அந்த அறையில் யாரும் யாருடைய பெயரையும் கேட்கமாட்டார்கள். பெண்கள் எல்லாரும் சிஸ்டர், ஆண்கள் எல்லாரும் ப்ரோ. ஆளை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் நாற்காலியைச் சொல்வோம். ஜன்னல் சீட்டு, ஃபேன் சீட்டு, தூண் சீட்டு. நான் தூண் சீட்டு. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் காற்று வராது, அதனால் அந்த இடத்துக்குப் போட்டியும் வராது.

மாதிரித் தேர்வு நடந்த நாட்களில் மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "எத்தனை?" என்பார். எத்தனை கேள்வி சரி என்று அர்த்தம். பதில் சொல்லிவிட்டு அவர் திருப்பிக் கேட்பார். இரண்டு பேருமே நாலைந்தைக் குறைத்துத்தான் சொல்வோம், கண் பட்டுவிடும் என்று. அதுதான் எங்கள் பேச்சு, அதுதான் எங்கள் சிநேகிதம். தேர்ச்சி பெற்றவர் ஒருநாள் வந்து ஆளுக்கொரு மைசூர்பாகு கொடுப்பார். மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார். கொடுத்தவர் திரும்ப வந்து நான் பார்த்ததே இல்லை. நிறைய மைசூர்பாகு தின்றேன். ஒன்றுகூட இனிப்பாக இருந்ததாகச் சொல்ல முடியாது.

எங்கள் வீடு எர்ணாவூரில், ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. அப்பா ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள், தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூலை எல்லாம் நறுக்கும் வேலை. இரண்டு பேரும் போன பிறகு நான் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குவேன். படிக்கட்டில் யாராவது எதிரே வந்தால் "இன்னும் பட்ச்சுக்கினுதான் கீறியா?" என்று கேட்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் தினமும் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதனால் அந்தக் கூட்டம் வேலைக்குப் போய் முடியும்வரை காத்திருந்து இறங்கப் பழகிக்கொண்டேன். கல்லூரியில் கூடப் படித்தவர்களின் கல்யாணங்களுக்கும் போவதை நிறுத்திவிட்டேன். முதலில் அவர்கள் கூப்பிட்டும் நான் போகவில்லை, பிறகு அவர்களும் கூப்பிடவில்லை. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. தனியாக இருந்தேன் என்பதுதான் விஷயம். பல நாள் வீட்டுக்கு வெளியே நான் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் கண்டக்டராக இருப்பார்.

நான்காவது தடவை எழுதிய குரூப் ஃபோர் தேர்வில் எனக்கு நல்ல ரேங்க் வந்தது. முடிவை அந்த அறையில் உட்கார்ந்தே செல்போனில் பார்த்தேன். கத்த வேண்டும்போல இருந்தது, ஆனால் அந்த அறையில் யார் கத்துவது? சுற்றி எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு அவரவர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து அம்மாவுக்கு போன் செய்தேன். கம்பெனியில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், எடுக்கவில்லை. அப்பா எடுக்கவில்லை, யார்டில் லாரி சத்தத்தில் அவருக்குக் கேட்காது. இத்தனை பெரிய சந்தோஷத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பஸ் ஸ்டாப்பில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அந்த ரேங்க்கைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பொதுப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் வேலை கிடைக்கிற கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே நின்றேன். ஆனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதில் வைத்துப் பார்த்தால் இளநிலை உதவியாளர் வேலை கையில் வந்த மாதிரிதான். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை எல்லா வகுப்பையும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளிக்கும் போய், எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை என்று சான்று வாங்கித் தேர்வாணையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். நான்கு தடவையும் விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் 'ஆம்' என்று போட்டவள் நான். முந்தைய மூன்று தடவையும் சான்று கேட்கும் கட்டம்வரை போகாததால் எனக்கு எதுவும் தெரிய வாய்ப்பே வரவில்லை.

மேல்நிலைப் பள்ளியில் இரண்டு நாள் அலையவிட்டார்கள், கிடைத்தது. கடைசியாக நான் சிறுபிள்ளையாகப் படித்த ஆரம்பப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை ஐம்பதைத் தாண்டியவர். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்துத் தூசியைத் தட்டி, விரலால் வரி வரியாக இறங்கி வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"நீ இங்க ரெண்டாவதுலதானேம்மா சேர்ந்திருக்க?"

"இல்லைங்க மேடம், ஒண்ணாவதுல."

அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். சேர்ந்த வகுப்பு: இரண்டு. முன்பு படித்தது: ஒரு நர்சரி அண்ட் பிரைமரி பள்ளி, ஒன்றாம் வகுப்பு, ஆங்கில வழி.

அந்தப் பள்ளி எனக்கு ஞாபகம் இருந்தது. கழுத்தில் ரப்பர் வைத்த டை, கருப்பு ஷூ, சாப்பாட்டுக் கூடை. ஆனால் அதை யூகேஜியோடு முடிந்துபோன விஷயம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஐந்து வயதில் யூகேஜி எது, ஒன்றாவது எது என்று யாருக்குத் தெரியும்? அரசியலமைப்பின் அட்டவணைகளை எல்லாம் வரிசையாக ஒப்பிப்பேன். என் சொந்தப் படிப்பில் ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டிருந்தேன்.

தலைமை ஆசிரியை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது ரொம்பப் பழைய ரிஜிஸ்டர். அந்த ஸ்கூலை மூடியே பல வருஷம் ஆச்சு. நல்லா யோசிச்சு நாளைக்கு வந்து சொல்லும்மா. நீ ஒண்ணாவதுல இருந்துன்னு சொன்னா அப்படியே எழுதிக் கொடுத்திடறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்ததும், சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "அம்மா, அந்த இங்கிலீஷ் ஸ்கூல்ல நான் எது வரைக்கும் பட்ச்சேன்?"

அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஒண்ணாவது முட்ச்சுட்டுதான் வந்தே. வூட்டுக்குள்ள நொழையும்போதே 'மம்மி, வாட்டர்'னுவே. கீழ் வூட்டுக்காரி அப்படியே வாயப் பொளந்துக்கினு பார்ப்பா. அப்பறம் உங்க நைனாவுக்கு ஹார்பர்ல வேலை நின்னு பூட்ச்சு. அதான் இட்டாந்து இங்க சேர்த்தோம். இன்னா, இப்ப போய் கேக்கறே?"

"சும்மாதான்."

ஒரு நிமிஷம் அம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. யார் இவளை என்னை அங்கே சேர்க்கச் சொன்னது? எதிரே இருந்த இலவசப் பள்ளியை விட்டுவிட்டு, கழுத்தில் டை கட்டி அழகு பார்க்க யார் கேட்டது? அடுத்த நிமிஷம் அவள் விரல்களைப் பார்த்தேன். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் கட்டை விரல் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். எழுந்து போய்விட்டேன்.

யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருந்தது. என் போனில் இப்படி ஒன்றைக் கேட்கக்கூடிய எண் ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் 'ஜன்னல் சீட்டு' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். முந்தைய வருஷம் தேர்ச்சி பெற்று, தெற்கே ஒரு தாலுகா ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட பெண். போனதிலிருந்து நாங்கள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. எடுத்ததும், "யாரு?" என்றாள். தூண் சீட்டு என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன். "இதுல என்ன யோசனை சிஸ்டர்? ஹெச்.எம்மே எழுதித் தரேங்கறாங்க, வாங்கிக்கிட்டு அப்லோடு பண்ணுங்க. ஒரு வருஷம்தானே, யார் தோண்டிப் பார்க்கப் போறாங்க?" என்றாள். பின்னால் யாரோ அவளை மேடம் என்று கூப்பிட்டார்கள். "அப்புறம் பேசறேன் சிஸ்டர்" என்று வைத்துவிட்டாள். அப்புறம் அவள் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மறுநாள் பள்ளிக்கு நடந்தே போனேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன, மணலிப் பக்கமிருந்து கேஸ் வாடை வந்தது. வழியெல்லாம் மனசுக்குள் வழக்கு நடத்தினேன். ஒரு வருஷம். ஆறு வயதுப் பிள்ளை. அந்த ஒரு வருஷத்தில் நான் கற்ற ஆங்கிலத்தில் எஞ்சியது தண்ணீர் கேட்பது மட்டும்தான், அதையும் பிறகு தமிழில்தான் கேட்டேன். இதற்காக என் வேலையைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? நியாயமே இல்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். ஒன்றாவது முதல் என்றே எழுதச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு பள்ளிக்குள் நுழைந்தேன்.

தலைமை ஆசிரியை படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, "என்னம்மா, ஒண்ணாவதுல இருந்தா?" என்றார்.

"ரெண்டாவதுல இருந்து எழுதுங்க மேடம்" என்றேன்.

நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கேட்பவர்களும் மெச்சுவார்கள். உண்மை என்னவென்றால், எனக்குப் பயம். பொய்ச் சான்று என்று என்றைக்காவது தெரிந்தால் இனி எந்தத் தேர்வும் எழுத முடியாமல் தடை போட்டுவிடுவார்கள். ஓய்வு பெறும் வயதுவரை யாராவது அந்தப் பதிவேட்டைத் திறந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே ஃபைல் தள்ள என்னால் முடியாது. கையெழுத்துப் போட்ட பாவத்துக்குத் தலைமை ஆசிரியையையும் கூடவே மாட்டிவிட வேண்டியிருக்கும். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, தமிழ் வழி. சீல் குத்தும்போது, "ஒரு வருஷம்தானே, பார்த்து விட்டாலும் விடுவாங்கம்மா" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு முட்டாள் நம்பிக்கை.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அதற்குள் மூன்று மாடிக்கும் சொல்லி முடித்திருந்தாள். கம்பெனியில் அவள் வரிசையில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தாள். அப்பா ஒருநாள் யார்டிலிருந்து திரும்பும்போது எனக்கு ஒரு தோல்பை வாங்கி வந்தார், ஆபீஸுக்கு எடுத்துப் போகத் தோதாக இருக்கும் என்று. நான் அதை வாங்கி பீரோவுக்கு மேலே வைத்தேன். அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேர் கல்யாண வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தார்கள், நான் மட்டும் வேறெங்கோ இருந்தேன். நூலகத்துத் தூணுக்குப் பின்னால்கூட அத்தனை தனிமையை நான் அனுபவித்ததில்லை.

கலந்தாய்வுக்கு அழைத்தவர்களின் பட்டியல் வெளியானபோது அதில் என் எண் இல்லை. மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன், கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு எண் இருந்தது, பின்னால் ஒரு எண் இருந்தது. இணையதளத்தில் என் விண்ணப்பத்தைத் திறந்தால், தமிழ் வழிக் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. வீட்டில் கேட்டபோது, "மார்க்கு பத்தல" என்று சொன்னேன்.

"வுடு கண்ணு, அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றார் அப்பா. இரண்டு நாள் அம்மா யாரிடமும் பேசவில்லை. கம்பெனிக்குப் போனாள், வந்தாள், படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ட்யூட்டிக்குப் போயிருந்தார். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்காமலே, "உன் மேல தப்பு இல்ல" என்றாள்.

"இன்னாம்மா?"

"தப்பு எங்களுதுதான். அந்த இங்கிலீஷ் ஸ்கூல்லயே வுட்டிருந்தா நீ இன்னேரம் எங்கியோ பூட்டிருப்பே. ஒண்ணாவதோட நிறுத்தி இட்டாந்துட்டோம். எங்கம்மா வூட்ல போய் கேட்டிருந்தா ஃபீஸு கட்டியிருப்பாங்க. எனுக்குத்தான் ரோசம், கேக்கல. பட்ச்சுக்கினு இருந்த புள்ளையோட படிப்ப நானே கெடுத்துட்டேன்."

இருபது வருஷத்துக்கு மேலாக அவள் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் தோற்ற ஒவ்வொரு தடவையும் என் மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் தன் மேல் கோபமாக இருந்திருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? நிறுத்தியதற்காக அழுகிறவள் சேர்த்ததற்காக அழுவாள். அவள் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு வருஷம்தான், அதுவும் போய்விடும்.

"அந்த ஸ்கூலுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாதும்மா" என்றேன்.

"உனுக்கு இன்னா தெரியும்? நீ அப்ப சின்னப் பொண்ணு."

"ஆமா. எனுக்கு அந்த ஸ்கூலே ஞாபகம் இல்ல."

அம்மா முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன் அலசத் தண்ணீர் எடுத்து வரச் சொன்னாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.