எல்லைக்கல்லைத் தாண்டி வந்த நாரைகள்

எங்கள் ஊர் ஏரிக்குள் ஒரு எல்லைக்கல் நிற்கிறது. கோடையில் இடுப்பளவுக்குத் தெரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு தலை மட்டும் வெளியே இருக்கும். கல்லுக்கு மேற்கே கேரளம், கிழக்கே தமிழ்நாடு. எங்கள் வீடும் நான் படித்த காலேஜும் கேரளப் பக்கம். எருமைகள் கேரளத்தில் இறங்கித் தமிழ்நாட்டில் கரையேறும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், பறவை பார்க்கத் தொடங்கும் வரை.

எழுபதுகளின் நடுவில் காலேஜில் விலங்கியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பாடம் நடத்திய டீச்சர் கடற்கரைப் பக்கத்து மலையாளி. அந்தக் குளிர்காலத்தில் அவர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கு ஒரு ஏரியோ குளமோ எடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு மூன்று நாளாவது விடியற்காலையில் போய் உட்கார்ந்து, கண்ணால் பார்த்த பறவைகளை எழுத வேண்டும். எல்லோருடைய பட்டியலும் ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டப்படும். வருஷ முடிவில் அவற்றைச் சேர்த்து ஜில்லாவின் நீர்ப்பறவைகள் என்று ஒரே பட்டியலாக ஆக்குவார். ஜில்லாவுக்குள் நின்ற பறவை மட்டும்தான் அதில் வரும்.

எனக்கு அது சாதாரண வேலையாகத் தெரியவில்லை. எங்கள் ஊட்டில் காகிதம் என்றால் வரி ரசீது, இல்லையென்றால் அப்பா கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்த ஏதாவது ஒரு பத்திரம். எழுதியவர்கள் எல்லாம் வெளியாட்கள். எங்கள் குடும்பத்து ஆள் ஒருவன் எழுதி, அதைப் பத்துப் பேர் சுவர் முன்னால் நின்று படிக்கப் போகிறார்கள் என்பதை அப்பாவிடம் சொன்னபோது, அவர் சோளத்தட்டு அறுத்துக்கொண்டே, தப்பில்லாம எழுது என்று மட்டும் சொன்னார்.

தப்பில்லாமல்தான் எழுதினேன். அதில்தான் வம்பு வந்தது.

வகுப்புக்கே ஒரு பைனாகுலர். முறை வைத்து ஆளுக்கு ஒரு வாரம். என் முறை வரும்போது அதைத் துண்டில் சுற்றிச் சோற்றுத் தூக்குப்போசிக்குள் வைத்து, கோபாலபுரம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன். மற்ற வாரங்களில் வெறும் கண்தான். கரையில் ஒரு கருவேலமரத்தடியில் உட்கார்ந்தால், இருட்டு வெளுக்க வெளுக்கத் தண்ணீருக்கு உயிர் வரும். முதலில் சத்தம்தான். முக்குளிப்பான் சிரிப்பது போல ஒரு நடுங்கும் குரல் கொடுக்கும், நாமக்கோழிகள் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும். அப்புறம் உருவம். பிறகு நிறம். சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் கொக்கு, வாத்து, கோழி என்று மூன்றே வார்த்தைக்குள் அடக்கி வைத்திருந்தவன், ஒரு மாதத்துக்குள் முப்பத்தொரு பெயர் எழுதினேன். முகம் தெரிந்தும் பெயர் கேட்காமல் விட்ட சொந்தக்காரர்கள் மாதிரி ஒவ்வொன்றாக வந்து நின்றன. அந்த நாட்களில் நான் தனியாகவே சிரித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

நோட்டில் டீச்சர் சொன்னபடி நான்கு கட்டங்கள் போட்டிருந்தேன். பறவை, எத்தனை, நேரம், தொந்தரவு. பறவையைக் கலைக்கும் நாய், மாடு, மனிதர் எதுவானாலும் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும்.

விடிகிற நேரத்தில் எங்கள் கரைமேல் பெண்கள் வருவார்கள். பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டி அரிசி கொண்டுவரக் கூடாது என்றிருந்த வருஷங்கள் அவை. அந்தப் பக்கம் ஒல்லியாகப் போகிறவர்கள் திரும்பும்போது பருத்து வருவார்கள். சேலைக்குள் இடுப்பைச் சுற்றித் துணிப்பையில் அரிசி இருக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். எங்கள் ஊட்டு உலையிலும் அந்த அரிசி வெந்திருக்கிறது. ஆனாலும் டீச்சர் எழுதச் சொன்னாரே. பெண்கள் ஏழு, கிழக்கிலிருந்து மேற்கே, ஆறு இருபது என்று நாள் தவறாமல் எழுதினேன்.

இரண்டாவது வாரத்திலேயே அவர்கள் கரைமேல் வருவதை விட்டுவிட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. தொந்தரவு இல்லை என்று எழுதினேன்.

ஒரு நாள் காலை அவர்களில் முன்னால் நடக்கிற அக்கா மட்டும் தனியாக வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம். என் பக்கத்தில் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்.

"உன்ற நோட்டுல என்னத்தக் கண்ணு எழுதறே?"

"பறவைங்கள எழுதறனுங்கக்கா."

"எங்கள எழுதுலியா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. எழுதியிருக்கறனுங்க என்றேன். படி பார்க்கலாம் என்றார். படித்தேன். முக்குளிப்பான் பதினாறு. நாமக்கோழி அறுபதுக்கு மேல். நீர்க்காகம் ஒன்பது. தொந்தரவு: நாய் ஒன்று, எருமை நாலு, பெண்கள் ஏழு.

அவர் வெற்றிலையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"நீயி செக்போஸ்ட்டுக்கு எழுதிக் குடுக்கறேன்னு நெனச்சு, பத்து நாளா பனங்காட்டு முள்ளுல அரை மைலு சுத்தி வர்றோம். நீயி என்னடான்னா எங்கள எருமைக்குக் கீழ வெச்சு எழுதிட்டு உக்காந்திருக்கறே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோட்டு, பென்சில், நேரம், ஆள் கணக்கு, அதோடு கழுத்தில் பைனாகுலர் வேறு. எல்லைக்கரையில் இப்படி உட்கார்ந்திருப்பவனை வேறு யாரென்று நினைப்பார்கள்? அந்த வரிகளை எல்லாம் அவர் கண் முன்னாலேயே அடித்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அடித்த கோடுகளை எண்ணிப் பார்த்துக்கொண்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து ஏழு பேரும் கரைமேலேயே வந்தார்கள். ஒன்று கவனித்தேன். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் நடக்கிறவர்களைக் கண்டு நாமக்கோழிகள் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

தை பிறந்து சில நாளில் நாரைகள் வந்தன.

பதினோரு நாரைகள். நீளமான மஞ்சள் மூக்கு, மயிரில்லாத ஆரஞ்சு முகம், மார்பில் கறுப்புப் பட்டை, வாலுக்கு மேலே யாரோ ரோஸ் பவுடர் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு நிறம். எனக்கு மூச்சு விடப் பயமாக இருந்தது. லைப்ரரிப் புத்தகத்தில் படம் பார்த்து மஞ்சள் மூக்கு நாரை என்று உறுதி செய்துகொண்டு பட்டியலில் எழுதினேன். வகுப்பில் வாசித்ததும், பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த என் கூட்டாளி முதல் ஆளாகச் சிரித்தான்.

"ஏலேய், கொக்குக்குப் பவுடர் பூசி நிறுத்திட்டு வந்து கத விடுதியால?"

டீச்சர் சிரிக்கவில்லை. இந்த ஜில்லாவில் அதைத் தாம் பார்த்ததே இல்லை என்றார். பிறகு, கல்லுக்கு எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டார். கிழக்கே என்றேன்.

"அது தமிழ்நாட்டுப் பறவையல்லே?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. சுவரில் ஒட்டிய என் பட்டியலில் முப்பத்திரண்டாவது பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி விழுந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து பார்ப்போம், கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றால் எழுதலாம், இல்லையென்றால் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றார். நியாயம்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க அந்தக் குறி என் முதுகில் ஒட்டியிருப்பது போலவே நடந்தேன். மற்ற முப்பத்தொன்றையும் யாரும் படிக்கவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதையே பார்த்தான்.

நாரைகளோ தினமும் கிழக்கேயே நின்றன. அந்தப் பக்கம் தண்ணீர் முழங்கால் ஆழம், அவற்றுக்குத் தோது. வெள்ளிக்கிழமை காலை அக்காவே, ஏங்கண்ணு மொகம் சுண்டிக் கெடக்குது என்று கேட்க, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அரிசியவே கொண்டாறோம். அக்கட்ட நிக்கற நாரைய இக்கட்ட ஓட்டியாற முடியாதா எங்களுக்கு?"

வேண்டாமுங்கக்கா என்று கெஞ்சினேன். ஓட்டிக்கொண்டு வந்தால் அது பார்த்ததாகாது, ஏமாற்றியதாகும். அவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, சரி போ என்றார். சரி என்றது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் எட்டு மாணவர்களும் முதல் பஸ்ஸுக்கு வந்து, வரப்பு வழியாக நடந்து ஏரிக்கு வந்தார்கள். டீச்சர் சேலையைச் சற்று உயர்த்திச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். பதினோரு நாரைகளும் இருந்தன. கல்லுக்குக் கிழக்கே. டீச்சர் பைனாகுலரை வைத்து நெடுநேரம் பார்த்தார். கீழே இறக்கியபோது அவர் முகம் சின்னப் பெண் முகமாக இருந்தது. அதேதான், நீ சொன்னது சரி என்றார். பீர்மேட்டுக்காரன் பிடுங்கிப் பார்த்துவிட்டு, நெசமாவே பவுடருதாம்ல என்றான்.

ஆனால் பறவை கல்லுக்கு அந்தப் பக்கம். காத்திருந்தோம். வெயில் ஏறியது. நாரைகள் ஒற்றைக் காலில் நின்று, ஊரில் வேறு வேலையே இல்லாத பெரிய மனிதர்கள் மாதிரி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தன. டீச்சர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணிக்குத் திரும்பும் பஸ்.

அப்போது கிழக்குக் கரையில் ஏழு தலைகள் தெரிந்தன. ஏழின் மேலும் புல்லுக்கட்டு. வழக்கமான நேரம் எப்போதோ கடந்துவிட்டது, வழக்கமான வழியும் அது இல்லை. கரையை விட்டிறங்கித் தண்ணீர் ஓரமாக, ஒன்றும் தெரியாதவர்கள் போல, நாரைகளைப் பார்த்து நடந்து வந்தார்கள். நாரைகள் ஒவ்வொன்றாகக் காலை இறக்கின. பிறகு பதினொன்றும் எழுந்தன. அத்தனை பெரிய இறக்கைகள் ஒன்றாக விரிந்ததும் எங்கள் கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. தலைக்கு மேல் ஒரு வட்டம், இன்னொரு வட்டம். அப்படியே போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. காலை நீட்டிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லுக்கு மேற்கே, எங்களிடமிருந்து நூறடியில் இறங்கின.

பையன்கள் என் முதுகில் தட்டினார்கள். டீச்சர் நோட்டைத் திறந்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"டீச்சர், எழுதாதீங்க. அவங்க எனக்காக ஓட்டிவிட்டது."

பீர்மேட்டுக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். டீச்சர் அந்தப் பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: பயந்து வந்து இறங்கியதை எழுத மாட்டேன், ஆனால் பயம் தெளிந்தபின் தானாக இங்கே நின்று இரை எடுத்தால், அது இந்த ஏரியைப் பிடித்துப்போன பறவை. அதுவரை யாரும் அசையக் கூடாது.

யாரும் அசையவில்லை. அந்தப் பெண்களும் இருந்த இடத்திலேயே புல்லுக்கட்டோடு நின்றார்கள். நாரைகள் கழுத்தை நிமிர்த்தி எங்களையே பார்த்தன. ஒன்பது மணி பஸ்ஸின் ஹாரன் தூரத்தில் கேட்டது, டீச்சர் திரும்பவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, என் கால் மரத்துப்போகும் அளவுக்கு. பிறகு ஒரு நாரை இரண்டடி எடுத்து வைத்தது. மூக்கைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவியது. ஒரு காலால் சேற்றைக் கிளறியது. சட்டென்று தலையைத் தூக்கியபோது மூக்கில் ஒரு கெண்டைக் குஞ்சு வெயிலில் மின்னி உள்ளே போனது.

"கேரளத்து மீனத் தின்னுட்டுல்லா," என்றான் பீர்மேட்டுக்காரன் மெதுவாக.

இன்னொன்று துழாவத் தொடங்கியது. அப்புறம் எல்லாமும். டீச்சர் என் நோட்டையே வாங்கி, அதில் தம் கையால் எழுதினார்: மஞ்சள் மூக்கு நாரை, பதினொன்று, எல்லைக்கு மேற்கே, இரை எடுத்தது. சுவரில் இருந்த கேள்விக்குறியை நாளைக்கு நீயே அழித்துவிடு என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றினேன், திரும்ப மாட்டினேன்.

அடுத்த பஸ் பதினோரு மணிக்குத்தான். யாருக்கும் வருத்தமில்லை. பைனாகுலருக்கு வரிசை நின்றது. பெண்கள் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். கட்டுக்குள் என்ன என்று டீச்சர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அக்கா தன் கட்டை மரத்தடியில் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பீர்மேட்டுக்காரனுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றார்.