ஒரே பாவுச் சேலைகள்

மதுரையில் வெள்ளம் வந்து ஆற்றோரத்து வீடுகளை அடித்துக்கொண்டு போனபோது, அருப்புக்கோட்டையில் எங்கள் சபைப் பெண்கள் சேர்ந்து உதவி திரட்டினோம். தொண்ணூறுக்கு மேல்தான் இருக்கும், வருஷம் சரியாக நினைவில்லை. மற்ற ஊர்க்காரர்கள் பழந்துணி மூட்டை கட்டினார்கள். நாங்கள் நெசவுக்காரர்கள். கட்டிக் கழித்த சேலையை எப்படிக் கொடுப்பது?

“நம்ம தறியில ஓடுற பாவு முழுசையும் குடுத்துருவோம்” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னது நான்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை. பாவு என்பது தறியில் ஏற்றுகிற நீள நூல்; ஒரு பாவில் இறங்குகிற சேலை எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருக்கும். கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

சேலைகளைக் கொடுத்துவிட்டு வந்து, மறு வாரம் பாஸ்டர் அம்மாவோடு அரிசி கொண்டுபோனேன். முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். குழாயடி முழுக்கக் கத்தரிப்பூ நிறம்.

“ஏ, யூனிபாரம் குடுத்த மகராசிக வந்துட்டாகடி!” என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“கோவிச்சுக்கிராதீகக்கா. பள்ளிக்கூடம் தொறக்கப் போறாக, எங்களக் காலி பண்ணச் சொல்லிட்டாக. வாடகைக்குக் கேட்டுப் போனா, சேலையப் பாத்ததுமே ‘கேம்ப்பு ஆளுகளுக்கு வீடு இல்ல’ன்னு கதவச் சாத்துறாக.”

“வேற சேல இல்லையாம்மா?”

“எல்லாம் ஆத்தோட போச்சு. நீங்க கட்டிருக்கதக் குடுங்கக்கா. இன்னைக்கு ஒரு வீட்டுக்காரம்மாவப் பாக்கணும்.”

“இது பழசும்மா, வெளுத்துப் போச்சு.”

“பழசுதான்க்கா வேணும். அதக் கட்டுனாத்தான் குடும்பத்துக்காரி மாதிரி இருக்கும்.”

வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றிக்கொண்டோம். என் தறிச் சேலையை நான் கட்டியது அன்றைக்குத்தான். நாங்கள் அரிசி அளந்து முடிப்பதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். “வரச் சொல்லிட்டாகக்கா!” என்று தூரத்திலிருந்தே கத்தினாள். குழாயடிப் பெண்கள் அவள் உடம்பில் இருந்த பழைய சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் வேறு பழஞ்சேலை இல்லை.

பஸ் ஸ்டாண்டில் பாஸ்டர் அம்மா பூ வாங்கப் போனார்கள். நான் ஒரு டீக்கடை ஓரமாக நின்றேன்.

“ஏம்மா, கேம்ப்பா? யாவாரத்த மறைக்காம அங்கிட்டுத் தள்ளி நில்லு” என்றார் கடைக்காரர். தள்ளி நின்றேன். பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு பன்னைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். “பிள்ளைக்குக் குடு.”

நான் கொடுக்க வந்தவள் என்று சொல்லாமலே வாங்கிக்கொண்டேன். பாஸ்டர் அம்மா வருவது தெரிந்ததும் பன்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். ஊர் திரும்பும் பஸ் காரியாபட்டி தாண்டியும் அது அங்கேயேதான் இருந்தது.