வடக்குக் காட்டு வீடு

என் மனைவி இறந்த பின், நான் எங்கே இருப்பது என்பதே எங்கள் குடும்பத்தின் ஒரே கேள்வியாக இருக்கிறது. பெரம்பலூருக்கு வடக்கே, காப்புக்காட்டின் விளிம்பில் இருக்கும் வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டுப் பெங்களூருக்கு வந்துவிடுமாறு மகள் கேட்டாள். மறுக்க என்னிடம் தகுந்த காரணம் இல்லை. எனக்கு வயதாகிவிட்டது.

அந்த இடம் எங்களுக்கு வந்ததே ஒரு சொல்லால் நேர்ந்த குழப்பத்தில்தான். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற சமயத்தில் மனைவியிடம் சொன்னேன்:

"வடக்க ஒரு காடு வெலைக்கு வருது."

எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். அவள் மீன்சுருட்டி ஊர்க்காரி, ஏரிப்பாசன வயல்களைப் பார்த்து வளர்ந்தவள்.

"காட்ட வாங்கி என்னத்தங்க பண்றது? நரி கிரி இருக்குமா?"

"மக்காச்சோளம் போடற காடு."

போய்ப் பார்த்தபோது சோளத்தட்டை ஒன்றுகூட இல்லை. பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்து, வெள்வேல், காரை, சூரை என முட்செடிகள் மண்டி, எங்கே நிலம் முடிந்து எங்கே காப்புக்காடு தொடங்குகிறது என்று தெரியாதபடி கிடந்தது. அவள் முள்ளில் மாட்டிய புடவையை விடுவித்துக்கொண்டே சிரித்தாள்.

"நீங்க சொன்னதுதான் தப்பு. நான் கேட்டது சரி."

நிலத்தை வாங்கியதும் பக்கத்து நிலத்துக்காரர் உதவ முன்வந்தார். "பொக்லைன் வுட்டா ஒரே நாள்ல மொட்டை அடிச்சிரலாம் சார்."

"மொட்டையெல்லாம் செட்டிகுளம் முருகன் கோயில்ல அடிச்சிக்கலாம்ணே. இங்க வேணாம்" என்றாள் மனைவி.

முன்புறம் சிறு வீடு கட்டும் அளவுக்கு மட்டுமே இடத்தைத் திருத்தினோம். அப்போது திருச்சியில் படித்துக்கொண்டிருந்த மகள் முதல்முறை வந்தபோது, கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி வீட்டைச் சுற்றி நடந்தாள். "இங்க மனுசங்க இருப்பாங்களாம்மா?" என்று கேட்டாள். ஐப்பசித் தூறலில் மறுபடி வந்தவள், புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதைக் குனிந்து பார்த்தவாறு வெகுநேரம் நனைந்தாள். அதன்பின் ஒரு சனிக்கிழமைகூட அவள் விடுதியில் தங்கவில்லை.

கடைசியாக வசப்பட்டவன் நான். தாவரவியல் கற்பித்தவன் என்பதால் ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிந்தாக வேண்டும் எனக்கு. மனைவிக்குப் பெயர்கள் தேவைப்படவில்லை. காலையில் ஒரு கீரிப்பிள்ளை எங்களைக் கடந்து விரைந்து ஓடும். "ஆபீசுக்குக் கெளம்பிட்டாரு. ஒங்களாட்டம் ரிடையர் ஆனவரா அவரு?" என்பாள். நானும் அது வரும் நேரத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினேன். கோடையில் புள்ளிமான்கள் வேலியோரம் வந்து நிற்கும்போது, மூவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். டவுனில் நாங்கள் குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கேயே குடிவந்தது அப்படியொரு கோடையில்தான்.

நோயில் விழுந்து திருச்சி மருத்துவமனையில் இருந்தபோது மனைவி கேட்டது ஒன்றே: "வூட்டுக்குப் போயிடலாங்க." எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டிலேயே, வடக்குச் சன்னல் ஓரம், எஞ்சிய நாட்களைக் கழித்தாள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் இயலவில்லை.

சென்ற மாதம் மகள் வந்தபோது, நிலத்தைப் பார்க்க ஒருவரையும் வரச் சொல்லியிருந்தாள். அவர் மரியாதையானவர். எல்லையெல்லாம் சுற்றிக் காட்டினாள்.

"முள்ளெல்லாம் எடுத்துட்டா பிளாட்டுக்கு நல்லா வரும் மேடம்."

"இந்தப் பக்கம் மான் வருங்க" என்றாள் மகள்.

"வந்தா என்னங்க, காம்பவுண்டு போட்டுட்டா வராது."

அவள் அதற்குமேல் எதையும் காட்டவில்லை. அவரை அனுப்பிவிட்டுத் திரும்பியவள், "இவருக்கு வேணாம்பா" என்றாள்.

"வேற ஆள் பாக்கலாமா?"

"யாருக்கும் வேணாம்."

தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "ஆனா நீங்க தனியா எப்படிப்பா?" என்றாள்.

"தெரியலம்மா" என்றேன். அது உண்மை.

அன்று அவள் புறப்படவில்லை. அலுவலகத்துக்குப் பேசி விடுப்பை நீட்டித்துக்கொண்டாள். மாதம் ஒருமுறை வந்து இங்கிருந்தே வேலை பார்க்க முடியுமா என்றும் விசாரித்தாள். நான் இரவுச் சமையலுக்கு அரிசி எடுத்தேன். சில மாதங்களாகக் கை பழக்கத்தில் இருவருக்கே எடுத்து, மீந்துகொண்டிருந்தது. அன்று எதுவும் மிஞ்சவில்லை.