ஊசி போட்டபின் ஒரு மணி நேரம்

ஊரூர் குப்பத்துத் தேவானை மீன் விற்ற காலத்தில் அவள் குரல் நாலு தெரு தாண்டிக் கேட்கும். இப்போது அடையாற்று மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் பிரிவில் அவளுக்கு வேலையே ஆட்களைப் பேசவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். புற்றுநோயைப் படத்தில் காட்டும் கதிர்மருந்து ஊசி போட்டவர்கள் ஒரு மணி நேரம் தனியறையில் சும்மா இருக்க வேண்டும். பேசினால் தொண்டைத் தசை மருந்தை இழுத்துக்கொள்ளும். படத்தில் அந்த இடம் நோய்போலப் பளிச்சிடும்.

அன்று மயிலாப்பூர்ப் பெரியவர் பஞ்சாட்சரத்தின் படத்தில் தொண்டை பளிச்சிட்டது. டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"அவரைப் பேச விட்டீங்களா?"

"வாயே தொறக்கல சார். கேமராவுல பாத்துக்கினேதான் இருந்தேன். உதடு மட்டும் லேசா ஆடிச்சு. பயத்துல நடுங்குறாருன்னு விட்டுட்டேன்."

பெரியவரைக் கேட்டார்கள். "யாரோடயும் பேசலையே. வாய்க்குள்ள தேவாரம் சொல்லிட்டிருந்தேன், அவ்வளவுதான்" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். தேவானைக்கு ஆத்திரமாக வந்தது, தன்மேலேயே. இருந்தாலும் சந்தேகம் தீரப் பெரியவரின் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்ல மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போதெல்லாம் கதவைச் சாத்துமுன், இடுப்பில் கைவைத்து நின்று எல்லாரிடமும் கறாராகச் சொல்லிவிடுகிறாள்:

"சாமிய மனசுக்குள்ள கும்புடு நைனா. உதடு அசையக் கூடாது. ஒனக்காக வாய்விட்டு வேண்டுறத வெளிய நின்னு நான் பாத்துக்கறேன்."