சேவைக்குத் தகாதவர்

அப்பாவுக்கு எண்பத்தொரு வயதான பிறகுதான் தன் நல்ல பெயர் ஞாபகத்துக்கு வந்தது. ஒருநாள் காலை பிட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, "பிள்ளை, என்ர ஆமிக் கடதாசியைத் திருத்தவேணும்" என்றார். பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நான், கட்டிய சேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன்.

"மெல்லக் கதையுங்கோ, அப்பா" என்றேன். பழக்கதோஷம். இப்போது அதைக் கேட்டு யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கதை முப்பது வருடமாகக் குசினியைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வட்டக்கச்சிக்கு வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. வயலில் இறங்குவதற்கு முன் அப்பா அரசாங்கப் படையில் பன்னிரண்டு வருடம் தச்சுவேலை செய்தவர். பாலம் கட்டுகிற பிரிவு. துவக்கைத் தூக்கியதைவிட வாளைத் தூக்கியதுதான் அதிகம். வாள் என்றால் மரம் அரிகிற வாள். வீர வரலாறு எழுத வருகிறவர்கள் ஏமாந்துபோகக் கூடாது. கிழக்கில் பெரிய புயல் அடித்த வருடம், விழுந்து கிடந்த மரங்களை இரவு பகலாக அரிந்து, ஒரு கிராமத்துக்குப் பாதை திறந்து, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தாராம். அதற்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள்.

தவணை முடிந்து விலகிய அன்று, விலகல் தாளை நிரப்பிய கிளாக்கர் பெரியவர், பேரேட்டில் அடுத்த வரியில் இருந்த ஆளின் விபரத்தை அப்பாவின் தாளில் ஏற்றிவிட்டார். அந்த அடுத்த ஆள் குடித்துவிட்டுச் சமையற்காரனை அகப்பையால் அடித்தவர். ஆகவே அப்பாவின் தாள் இப்படிச் சொன்னது: நடத்தை, திருப்தியில்லை. பதக்கங்கள், இல்லை. விலகிய காரணம், சேவைக்குத் தகாதவர்.

அப்பா அதைப் படித்துப் பார்த்ததே ஊருக்கு வரும் ரயிலில், மதவாச்சி தாண்டிய பிறகுதான். நாலு நாளில் கலியாணம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் பெரிய மனிதர்களே எத்தனையோ விஷயங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தார்கள். அப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன?

பிறகு வந்தது, அரசாங்கப் படையோடு சண்டை பிடித்த இயக்கத்தின் காலம். எனக்கு அப்போது எட்டு வயது. முன்னாள் படைக்காரரின் விபரம் எடுக்கிறார்களாம் என்ற கதை ஊருக்குள் வந்த அன்றே அப்பா பதக்கத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு, மெழுகால் மூடி, வளவுக்குள் இடுப்பளவு ஆழத்தில் தாட்டார். தாளைப் புதைக்கவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டபோது அதைத்தான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அங்கே சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் தாளை வாங்கி வாசித்திருக்கிறார். "என்னை வேண்டாம் எண்டு கலைச்சு விட்டவங்கள், தம்பி" என்று அப்பாவும் சொல்லியிருக்கிறார். அரசாங்கமே தகாதவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆளை அவர்கள் என்ன செய்வது? மூன்று நாள் வைத்திருந்து, கடைசியில் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு ஒழுங்கை தள்ளி இன்னொருவர் இருந்தார். அவரும் முன்னாள் படைக்காரர்தான். அவருடைய தாளில் ஒரு பிழையும் இல்லை. நடத்தை மிக நன்று, பதக்கம் இரண்டு. நேர்மையான மனிதர், அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவருடைய மனைவி எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

இவ்வளவும் தெரிந்தவள் நான். ஆகவே எனக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்கென்ன விசரே, அப்பா? அந்தப் பிழைதானே உங்களைக் காப்பாற்றினது? அதுக்குப் பூ வைச்சுக் கும்பிடுறதை விட்டிட்டுத் திருத்தப் போறாராம்!"

அப்பா சிரிக்கவில்லை. "கும்பிட்டது காணும், பிள்ளை. நான் தகாதவனாச் சாகமாட்டன்" என்றார்.

விண்ணப்பப் படிவம் எடுப்பித்தேன். முழுக்கச் சிங்களம். யாரிடம் கொடுத்து நிரப்புவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உருட்டி உருட்டி அழகாக எழுத ஆரம்பித்தார். நாற்பது வருடம் பாலும் சீனியும்கூடச் சிங்களத்தில் கேட்கத் தெரியாதவர் மாதிரி நடித்த மனிதர். இப்படி ஒரு நடிகர் வட்டக்கச்சியில் நெல் விதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

படிவத்தில் ஒரு கேள்வி: இவ்வளவு காலம் விண்ணப்பிக்காமைக்குக் காரணம் என்ன? பதில் எழுத விட்டிருந்த இடம் ஒன்றரை அங்குலம். முப்பது வருடச் சண்டை, ஐந்தாறு இடப்பெயர்வு, முள்வேலி முகாம், தகரக் கொட்டில் எல்லாவற்றையும் ஒன்றரை அங்குலத்துக்குள் அடக்க வேண்டும். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேலைப்பளு" என்று எழுதினார்.

தாளின் போட்டோப் பிரதியை இணைத்து அனுப்பினோம். பிறகு நான் பாடவேளை முடிந்த நேரமெல்லாம் அந்தப் பதிவு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவு. அடுத்த கிழமையும் லீவு. மாரி முடிந்து கோடை வந்தது, அப்போதும் லீவு. அந்த மனிதர் ஓய்வு பெறுவதற்குள் ஒருநாளாவது வேலைக்குப் போனாரோ தெரியாது. ஒரு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பழைய பேரேடுகளைக் கறையான் தின்றுவிட்டது. பதக்கத்தின் விளிம்பில் சேவை இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டுவந்து காட்டினால் பரிசீலிக்கலாம்.

பதக்கம் எங்கே? எங்கள் வளவில். எங்கள் வளவு எங்கே? படை முகாமுக்குள். சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது எங்கள் காணியையும் சேர்த்து வேலி அடைத்திருந்தார்கள். எங்களுக்கு வேறு இடத்தில் காணித்துண்டும் கல்வீடும் கிடைத்தன. ஒவ்வொரு முறை காணிகளைத் திருப்பி விடும்போதும் எங்களுடையது அடுத்தமுறை என்றார்கள். படையில் வேலை செய்ததற்கு அத்தாட்சி, படையின் காலுக்குக் கீழேயே கிடந்தது.

காணியை விடுங்கள் என்று நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு கதிரைக்கு முண்டு கொடுக்கலாம். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. உங்கள் பதக்கம் ஒன்று உள்ளே கிடக்கிறது, தோண்டி எடுக்க அனுமதி வேண்டும் என்று அப்பா சிங்களத்தில் எழுதினார். ஒன்பதாம் நாள் வரச்சொல்லிவிட்டார்கள்.

சொந்த வளவுக்குள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனோம். உள்ளே இருந்த அதிகாரிக்கு முப்பது வயது வராது. அப்பாவைச் "சீயா, சீயா" என்று, தன் சொந்தத் தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார். நல்ல பிள்ளைதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என் கட்டில் இருந்த இடத்தில் சாமான் அறை. அம்மாவின் செவ்வரத்தைப் பூச்செடிகளைக் காணவில்லை. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கரப்பந்து விளையாடக் கோடு போட்டு வலை கட்டியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

கிணறு மட்டும் அப்படியே இருந்தது. வெள்ளை அடித்து இலக்கம் போட்டிருந்தார்கள். "கிணத்துக்கட்டில இருந்து தெற்கால பதினேழு அடி வைச்சு நடக்கவேணும்" என்றார் அப்பா. நடந்தார். இரண்டு சிப்பாய்கள் தோண்டினார்கள். ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு குழி. ஒரு மாட்டு எலும்பு வந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "காணும் அப்பா, வாங்கோ போவம்" என்றேன்.

அப்பா தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்பத்திரண்டு வயதுக் கால்கள், அரைச்சாண் அரைச்சாணாக இழுபடுகிற கால்கள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் அண்டைக்குச் சும்மா நடக்கேல்லைப் பிள்ளை. அணிவகுப்பு நடையில அளந்தனான். ஒரு அடி எடுத்து வைச்சா முப்பது அங்குலம்."

படையில் இருந்ததை ஒளிப்பதற்குக் குழி தோண்டிய மனிதர், அந்தக் குழியைப் படை நடையில் அளந்திருக்கிறார். யாராவது வேலிக்கு மேலால் பார்த்திருந்தால் தாளும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம்.

அப்பா ஒரு சிப்பாயைக் கிணற்றடியில் நிறுத்தினார். தான் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் ஒரு கட்டளை போட்டார் பாருங்கள், அந்தக் குரலை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. சிப்பாய் விறைத்து நிமிர்ந்து நடந்தான். மண்வெட்டியோடு நின்ற மற்றவனும் நிமிர்ந்தான். அதிகாரியின் இரண்டு கைகளும் தாமாகவே தொடையோடு ஒட்டிக்கொண்டன. பதினேழாவது அடியில் "நில்" என்றார் அப்பா. கரப்பந்து வலையின் தூணடி.

தூணைப் பிடுங்கித் தோண்டினார்கள். கண்ணிவெடி அகற்றியவர்களின் கருவிக்கும் எட்டாத ஆழத்தில் மெழுகுக் கட்டி வந்தது. பேணி துருவாகிப் போயிருந்தது. பையைப் பிரித்தால் பச்சை பிடித்த பதக்கம். அதிகாரி விளிம்பைத் துடைத்து இலக்கத்தை வாசிக்கத் தொடங்க, அப்பா கண்ணை மூடிக்கொண்டு மீதி இலக்கங்களைச் சொல்லி முடித்தார்.

"சீயா, இதை ஏன் தாட்டீர்கள்?" என்று அந்தப் பிள்ளை கேட்டார்.

"மழையில நனையாமல் இருக்க" என்றார் அப்பா.

தேத்தண்ணி தந்தார்கள், குடித்துவிட்டு வந்தோம். காணி எப்போது விடுவீர்கள் என்று நான் கேட்டேன். அது மேலிடத்து விஷயமாம்.

அதன் பிறகு அலுவல் சுறுசுறுப்பாக நடந்தது, அதாவது ஏழு மாதத்தில் பதில் வந்தது. திருத்தம் அங்கீகரிக்கப்பட்டுள்ளது. பிழையான மூலத் தாளை ஒப்படைத்தால் அதை அழித்துவிட்டுப் புதிய தாள் வழங்கப்படும். மூலத் தாள் தொலைந்திருந்தால் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பவும்.

"நாளைக்கே பதிவுத் தபாலில போட்டுவிடு" என்று அப்பா தாளை என் கையில் தந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கோயிலில் நேர்த்தி முடித்தவர் போல இருந்தார்.

தபால் கந்தோருக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு, உறையில் போடுமுன் அந்தத் தாளை முதன்முறையாக விரித்துப் பார்த்தேன். இத்தனை வருடம் அதைப் பற்றிக் கதைத்திருக்கிறேனே தவிர, கையில் எடுத்துப் பார்த்ததில்லை. மடிப்பெல்லாம் கிழியப் பார்த்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஆனால் கடைசி வரி எது என்று தெரிந்தது. அந்த வரிக்குக் கீழே யாரோ நீலப் பேனையால் அழுத்தி இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். அப்பா கோடு இழுக்கிற ஆள் இல்லை. விசாரணையில் தாளை வாங்கி வாசித்தவர், இந்த ஆளை விடலாம் என்று முடிவெடுத்த இடம் அது.

நான் தபால் கந்தோருக்குள் போகவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சமாதான நீதவானின் வீட்டுக்குப் போனேன்.

"எங்கை துலைஞ்சது, ரீச்சர்?" என்றார் அவர்.

"இடம்பெயரேக்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வன்னியில் அந்தப் பதிலை யாரும் இரண்டாம்முறை கேட்பதில்லை. முத்திரையைக் குத்தித் தந்தார். மகளாகிய நான் சத்தியம் செய்து சொல்வதாவது என்று தொடங்கிய கடதாசியில் கையெழுத்து வைத்தேன். வகுப்பில் பிள்ளைகள் பொய் சொன்னால் கதிரையில் ஏற்றிவிடுகிறவள் நான்.

புதிய தாள் வந்தது. நடத்தை, மிக நன்று. பதக்கம், ஒன்று. விலகிய காரணம், தவணை நிறைவு. அப்பா அதை ஒரு வரி சிங்களத்திலும் ஒரு வரி தமிழிலுமாக எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் அழுதார். பழைய தாள் கொழும்பில் எங்கோ கிழிபட்டுப் போயிருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நம்பட்டும். அது என் அலுமாரியில், கூறைச்சேலைக்குக் கீழே இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒருவருடைய கோப்பு இப்போது சுத்தமாகிவிட்டது. என்னுடையதில் ஒரு பொய்ச் சத்தியம் ஏறிவிட்டது. அதைத் திருத்த யாரும் வரவேண்டாம். எட்டு வயதில் மூன்று நாள் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். மூன்றாம் நாள் பின்னேரம் என் அப்பாவைக் கூட்டிவந்து விட்டது அந்தத் தாள்.